கடற்பஞ்சு வாத்தியார்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் விலங்கியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "அண்ணே, எதைப் பத்தி வேணாலும் பேசுங்க. ஆனா விலங்கியலும் வரணும், பசங்களுக்கும் பிடிக்கணும், சாப்பாட்டுக்கு முன்னாடி முடிக்கணும்" என்று மூன்று நிபந்தனை போட்டார். மூன்றுக்கும் பொருந்துகிற ஒரே ஆள் எனக்குத் தெரிந்தவரை ஒருவர்தான். அவர் ஒரு கார்ட்டூன் எழுத்தாளர். பெயர் ஸ்டீபன் ஹில்லன்பர்க். "ஸ்பாஞ்ச்பாப் ஸ்கொயர்பேண்ட்ஸ்" என்ற தொலைக்காட்சித் தொடரைப் படைத்தவர். மஞ்சள் நிறத்தில், சதுரமாக, கால்சட்டையும் கழுத்துப் பட்டையும் போட்டுக்கொண்டு கடலுக்கடியில் ஓடித் திரியும் அந்தப் பஞ்சை இங்கே இருக்கிற இளைஞர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: உங்கள் பேரப் பிள்ளைகள் சோறு உண்ண மறுத்தபோது கேபிள் தொலைக்காட்சியில் வந்து உதவி செய்தாரே, அவரேதான்.

"ஏம்ப்பா, இவ்வளவு படித்தவர்கள் கூடியிருக்கிற சபையில் பொம்மைப் படத்தைப் பற்றியா பேசுவது?" என்று யாராவது நினைக்கலாம். நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஹில்லன்பர்க் அவர்கள் கார்ட்டூன்காரராகத் தொடங்கவில்லை. அவர் கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிப் பாடம் நடத்திய ஓர் ஆசிரியர். வாத்தியார் வேலையை விட்டுவிட்டுக் கார்ட்டூனுக்குப் போனார் என்று பலர் எழுதினார்கள். அவர் வாத்தியார் வேலையை விடவே இல்லை, வகுப்பறையைத்தான் மாற்றினார் என்பது என் கருத்து. அதை விளக்குவதே இந்த உரையின் நோக்கம்.

முதலில் அவர் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1961ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் நாள் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் பிறந்தார். வளர்ந்தது கலிபோர்னியாவில். தாயார் பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு ஆசிரியை. சிறுவயதில் பிரெஞ்சுக் கடலாய்வாளர் ழாக் கூஸ்தோ எடுத்த கடலடிப் படங்களைப் பார்த்து மயங்கியவர். பின்னாளில் தம் தொடரில் பிரெஞ்சு உச்சரிப்போடு பேசும் ஒரு வர்ணனையாளரை வைத்தாரே, அது அந்தக் கூஸ்தோவுக்குச் செய்த மரியாதைதான், கொஞ்சம் கேலி கலந்த மரியாதை.

1984இல் ஹம்போல்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயற்கை வளத் திட்டமிடல், விளக்கம் என்ற படிப்பில் கடல் வளத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் பட்டம் பெற்றார். "விளக்கம்" என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். இயற்கையைப் பொதுமக்களுக்கு விளங்கச் சொல்வதையே அங்கே ஒரு படிப்பாக வைத்திருக்கிறார்கள். படித்து முடித்ததும் கலிபோர்னியாவின் டானா பாயின்ட் என்ற கடற்கரை ஊரில் ஆரஞ்சு கவுண்டி கடல்சார் நிறுவனத்தில் சேர்ந்தார். பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் வந்து இறங்குவார்கள். அவர்களுக்குக் கடல் உயிர்களையும், பழைய பாய்மரக் கப்பல்களின் வரலாற்றையும் சொல்லிக் கொடுப்பது அவர் வேலை.

கடல் ஏறும்போது மூழ்கி, வற்றும்போது வெளியே தெரிகிற பாறைகள் இருக்கின்றனவே, அந்தக் குழிகளில் தேங்கும் தண்ணீர் ஓர் உலகம். பாசி, நண்டு, நத்தை, நட்சத்திர மீன், பஞ்சு, எல்லாம் ஒரே குழியில் குடித்தனம் நடத்தும். பிள்ளைகளுக்கு அதை விளக்க ஹில்லன்பர்க் தாமே ஒரு படக்கதைப் புத்தகம் வரைந்தார். அந்த ஏற்றவற்றப் பகுதியின் பெயரையே புத்தகத்துக்கும் வைத்தார். அதில் கதை சொல்லிக் கூட்டிப் போகிறவர் "பாப் என்னும் பஞ்சு". கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு கடற்பஞ்சு. புத்தகத்தை அச்சேற்றப் பதிப்பகங்களை அணுகினார். ஒருவரும் வாங்கவில்லை.

இந்த இடத்தில் மாணவச் செல்வங்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். பட்டம் வாங்கி, வேலை பார்த்து, ஆசையாக ஒரு புத்தகம் வரைந்து, அதுவும் திரும்பி வந்துவிட்டது. என்ன செய்தார்? 1987இல் வேலையை விட்டுவிட்டு, கலிபோர்னியா கலைக் கல்லூரியில் அனிமேஷன் படிக்க மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார். அங்கே ஜூல்ஸ் எங்கல் என்ற மூத்த ஆசிரியர் அவருக்கு வாய்த்தார். அவரைத் தம் "கலைத் தந்தை" என்றே ஹில்லன்பர்க் சொல்லி வந்தார். 1992இல் முதுகலைப் பட்டம். ஒரு திரைப்பட விழாவில் இவருடைய மாணவப் படத்தைப் பார்த்த ஜோ மரே என்ற படைப்பாளி, "ராக்கோஸ் மாடர்ன் லைஃப்" என்ற தன் தொடரில் சேர்த்துக்கொண்டார். அந்தத் தொடர் 1993 முதல் 1996 வரை நிக்கலோடியன் தொலைக்காட்சியில் ஓடியது. அங்கே உடன் பணியாற்றிய எழுத்தாளர் மார்ட்டின் ஓல்சன் ஒருநாள் அந்தப் பழைய படக்கதைப் புத்தகத்தைப் பார்த்தார். "இதையே தொடராக எடுக்கலாமே" என்று தூண்டினார்.

திரும்பி வந்த புத்தகம் பரணில் கிடக்கவில்லை பாருங்கள். அது தன் நேரத்துக்காகக் காத்திருந்தது.

நிக்கலோடியன் அதிகாரிகளிடம் கதை சொல்லப் போனபோது காகிதம் மட்டும் கொண்டு போகவில்லை. ஹவாய்த் தீவுச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு மீன் தொட்டிக்குள் தம் பாத்திரங்களைப் பொம்மைகளாக வைத்து, ஹவாய் இசையையும் போட்டுக் காட்டினார். இது வியாபாரத் தந்திரம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளைகளுக்கு மாதிரி காட்டிப் பாடம் நடத்திப் பழகிய கை அது. அதிகாரிகளுக்கும் அதே முறையில் பாடம் நடத்திவிட்டது.

1999 மே 1ஆம் நாள் முதல் கதை ஒளிபரப்பானது. ஹில்லன்பர்க்கும் டெரெக் டிரைமனும் டிம் ஹில்லும் சேர்ந்து எழுதியது. கதை என்ன தெரியுமா? வேலை தேடும் கதை! நண்டு முதலாளி நடத்தும் உணவு விடுதியில் "ஆள் தேவை" என்று பலகை தொங்குகிறது. நம் பஞ்சுத் தம்பி போய் நிற்கிறார். முதலாளிக்கு இவரைப் பிடிக்கவில்லை. தட்டிக் கழிக்க வேண்டுமே! உலகத்தில் எங்கும் கிடைக்காத ஒரு கரண்டியை, அதாவது நம்மூர் தோசை திருப்பி மாதிரி ஒன்றை, இடம் வலம் இரு பக்கமும் இணைப்பும் விசைப்பொறியும் உள்ளதாக வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிடுகிறார். பஞ்சு போன பிறகு பேருந்து பேருந்தாக நெத்திலிக் கூட்டம் வந்து இறங்கிப் பசியில் கடையையே புரட்டிப் போடுகிறது. அந்த நேரத்தில் பஞ்சு திரும்பி வருகிறார், கையில் அதே கரண்டியோடு! அத்தனை நெத்திலிக்கும் சமைத்துப் போட்டுக் கடையைக் காப்பாற்றுகிறார்.

நேர்முகத் தேர்வுகளில் "அனுபவம் உண்டா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட நம் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்கு அந்தக் கதையின் சுவை தெரியும். இதில் இன்னொரு செய்தி. ஹில்லன்பர்க் இளமையில் மெய்ன் மாநிலத்தில் ஒரு கடலுணவு விடுதியில் அடுப்படி வேலை பார்த்தவர், சிங்கி இறாலை வேக வைத்தவர். அந்த விடுதி முதலாளியை மனதில் வைத்துத்தான் நண்டு முதலாளியைப் படைத்தார். சின்ன வேலை என்று எதையும் அவர் மறக்கவில்லை.

இனி நம் துறைக்கு வருவோம். செயலாளர் முதல் நிபந்தனையை நினைவுபடுத்துகிறார்.

விலங்கியல் படித்தவர்களுக்குப் போரிஃபெரா என்றால் முதல் பருவத்துப் பாடம். ஃபார்மலின் ஜாடிக்குள் வெளுத்துப் போய் நிற்கும் சைக்கானைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் வரைந்து, பாகங்களைக் குறித்து, கையெழுத்து வாங்கினால் பாடம் முடிந்தது. கண் இல்லை, வாய் இல்லை, நரம்பு இல்லை, தசை இல்லை. ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, துளைகள் வழியாகத் தண்ணீரை இழுத்து, அதில் வருவதைச் சலித்து உண்டு, மீதியை வெளியே விடும். "ஒண்ணுமே செய்யாத பிராணி சார் இது" என்று நாங்கள் சிரித்திருக்கிறோம்.

ஆனால் 1907இல் எச்.வி. வில்சன் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு காரியம் செய்தார். உயிருள்ள பஞ்சை மெல்லிய பட்டுத்துணியில் வைத்துப் பிழிந்து, செல் செல்லாகப் பிரித்துத் தண்ணீரில் விட்டார். பிரிந்த செல்கள் ஊர்ந்து, ஒன்றையொன்று தேடி ஒட்டி, மறுபடியும் பஞ்சாக உருவாயின! கார்ட்டூனில் நம் சதுரத் தம்பி துண்டு துண்டாகச் சிதறி மறுநொடி ஒன்றுசேர்ந்து சிரிக்கிறாரே, அது வெறும் கற்பனையில்லை. அதற்குப் பின்னால் இப்படி ஓர் உயிரியல் உண்மை இருக்கிறது. முதலில் இயற்கையான கடற்பஞ்சின் உருவத்தைத்தான் ஹில்லன்பர்க் வரைந்து பார்த்தார். பிறகு பாத்திரம் துலக்கும் சதுரப் பஞ்சே வேடிக்கையாக இருக்கிறது என்று மாற்றினார். உருவத்தை மாற்றினாலும் குணத்தை மாற்றவில்லை. எவ்வளவு பிழிந்தாலும் பழைய நிலைக்குத் திரும்புகிற குணம்.

மற்ற பாத்திரங்களையும் பாருங்கள். பக்கத்து வீட்டுத் தோழன் நட்சத்திர மீன், மூளை என்ற உறுப்பே இல்லாத உயிர். தோழனுக்கு அறிவு மட்டு என்று காட்டியது பொருத்தம்தானே! கிளாரினெட் வாசித்துக்கொண்டு எப்போதும் அலுத்துக்கொள்கிற அண்டை வீட்டுக்காரர் ஸ்குவிட்வார்டு, பெயரில் கணவாய், இனத்தில் ஆக்டோபஸ், அதாவது நம் மீனவர்கள் சொல்லும் பேய்க்கணவாய். எட்டுக் கை கால் வரைந்தால் பாரமாக இருக்கிறது என்று ஆறோடு நிறுத்திவிட்டார்கள். வில்லனோ கண்ணுக்கு எளிதில் தெரியாத கோப்பிபாட் என்னும் மிதவையுயிரி. கடலில் எண்ணிக்கையில் மிகப் பெருகிக் கிடக்கும் உயிர்களில் ஒன்று, கதையில் தன்னந்தனியாக நின்று உலகை ஆளத் திட்டமிடுகிறது. பாடம் தெரிந்தவர்தான் இப்படிப் பாடத்தோடு விளையாட முடியும்.

என் மகள் சிறுமியாக இருந்தபோது அந்தத் தொடரைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, நிஜப் பஞ்சுக்குக் கண்ணு உண்டா?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றேன். "அப்ப எப்படிச் சாப்பிடும்?" என்றாள். சொன்னேன். "அப்ப அதுக்கு வலிக்குமா?" என்றாள். மூன்று கேள்வியில் போரிஃபெரா பாடம் பாதி முடிந்துவிட்டது. ஜாடியைப் பார்த்துப் படித்த எனக்கு மூன்றாவது கேள்வி தோன்றியதே இல்லை.

கார்ட்டூனுக்கு "எழுத்தாளர்" என்றால் என்ன வேலை என்றும் சிலர் கேட்கலாம். இந்தத் தொடரில் முழு வசனத்தையும் ஒருவர் உட்கார்ந்து எழுதித் தருகிற வழக்கம் இல்லை. எழுத்தாளர்கள் சில பக்கங்களில் கதைச் சுருக்கத்தைத் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு ஓவியர்கள் கட்டம் கட்டமாக வரைந்தபடியே வசனத்தையும் நகைச்சுவையையும் உருவாக்குவார்கள். ஒரு கதை ஏறக்குறைய 11 நிமிடம். இரண்டு கதை சேர்ந்தால் அரைமணி நேர நிகழ்ச்சி. ஆகவே இது கூட்டுப் படைப்பு. ஹில்லன்பர்க் அந்தக் கூட்டத்தின் தலைவர். தொடரின் முகப்புப் பாட்டில் ஒரு கடற்கொள்ளையர் ஓவியம் வாயசைத்துப் பிள்ளைகளை அழைக்குமே, அந்த ஓவியத்தில் பொருத்தப்பட்ட உதடுகள் ஹில்லன்பர்க் அவர்களுடையவைதான். ஒவ்வொரு முறையும் வகுப்பைத் தொடங்கி வைத்தவர் வாத்தியாரே!

2004இல் முதல் திரைப்படம் வந்தது. அதோடு கதையை நிறைவு செய்துவிடலாம் என்பது அவர் எண்ணம். தொலைக்காட்சி நிறுவனம் தொடர விரும்பியது. அவர் அன்றாடப் பொறுப்பைப் பால் டிபிட் என்பவரிடம் ஒப்படைத்து ஒதுங்கினார். பத்தாண்டு கழித்து, 2015இல் வெளிவந்த இரண்டாவது படத்தின்போது மறுபடியும் வந்து கை கொடுத்தார்.

2017 மார்ச்சில் ஒரு துயரச் செய்தியை அவரே அறிவித்தார். தமக்கு ஏ.எல்.எஸ். என்னும் நோய் கண்டிருக்கிறது என்று. மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளுக்குக் கட்டளை கொண்டு செல்லும் இயக்க நரம்பணுக்கள் சிறிது சிறிதாக அழியும் நோய். கை எழுதாது, கால் நடக்காது, நாளடைவில் பேச்சும் மூச்சும் சிரமமாகும். அறிவியலறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் அவர்களுக்கு இருந்ததும் இதுவே. வரைந்து வாழ்ந்த ஒரு மனிதருக்கு இது வந்தது. முடிந்தவரை வேலை செய்வேன் என்று அறிவித்தார். செய்தார். 2018 பிப்ரவரியில் அனிமேஷன் உலகின் அனி விருது விழாவில் வாழ்நாள் சாதனைக்கான வின்சர் மெக்கே விருது அவருக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் காலமானார். வயது 57தான். அவருடைய அஸ்தியைக் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் பசிபிக் கடலில் கரைத்தார்கள்.

இனி ரசிகர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1999இல் எட்டு வயதுப் பிள்ளையாக அந்த முதல் கதையைப் பார்த்தவருக்கு 2018இல் 27 வயது. வேலைக்குப் போகிறவர், கடன் கட்டுகிறவர், சிலர் பிள்ளை பெற்றவர்கள். செய்தி வந்ததும் அவர்கள் என்ன செய்தார்கள்? சிலை வைக்கச் சொல்லவில்லை. சாலைக்குப் பெயர் கேட்கவில்லை. ஒரு பாட்டைக் கேட்டார்கள்!

அதற்கு 2001 செப்டம்பர் 7ஆம் நாள் ஒளிபரப்பான ஒரு கதையைச் சொல்ல வேண்டும். ஏரன் ஸ்பிரிங்கர், சி.எச். கிரீன்பிளாட், மெரிவெதர் வில்லியம்ஸ் மூவரும் எழுதியது. நம் பேய்க்கணவாயாருக்குப் பள்ளிக் காலத்துப் போட்டியாளர் ஒருவர். அவர் முன் கௌரவத்துக்காக, "எனக்கு ஒரு வாத்தியக் குழு இருக்கிறது" என்று சொல்லி மாட்டிக்கொள்கிறார். ஊர்க்காரர்களைத் திரட்டிப் பயிற்சி கொடுத்தால், ஒருவருக்கும் ஊதத் தெரியவில்லை, அடிதடியில் முடிகிறது. அவர் மனமுடைந்து போகிறார். அப்போது பஞ்சு ஊராரைப் பார்த்துக் கேட்கிறார்: உங்கள் பிள்ளை தீயில் சிக்கியபோது காப்பாற்றியது யார்? தீயணைப்புக்காரர் என்கிறார்கள். உங்களுக்கு நெஞ்சு நின்றபோது பிழைக்க வைத்தது யார்? ஆம்புலன்ஸ் ஆள் என்கிறார்கள். பஞ்சு சளைக்கவில்லை. அப்படியானால் இவரையே அந்தத் தீயணைப்புக்காரராக, அந்த ஆம்புலன்ஸ் ஆளாக நினைத்துக்கொண்டு ஒருமுறை உதவலாமே என்கிறார்! மேடையேறுகிறார்கள். ஒரு பெரிய விளையாட்டரங்கில் அபாரமாக வாசித்துப் பாடிவிடுகிறார்கள். தோற்றே பழகிய ஒருவருக்கு வாழ்வில் ஒரு வெற்றி.

அந்த வெற்றிப் பாட்டை அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் இடைவேளையில் ஹில்லன்பர்க் நினைவாக ஒலிக்கச் செய்ய வேண்டும் என்று கையெழுத்து இயக்கம் தொடங்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 2019 பிப்ரவரி 3ஆம் நாள் அட்லாண்டா நகரில் போட்டி. இடைவேளையில் திரையில் கார்ட்டூன் காட்சி வந்தது. ரசிகர்கள் துள்ளி எழுந்தார்கள். சில நொடிகள்தான். உடனே வேறொரு பாடகரின் பாட்டுக்குத் தாவிவிட்டது. இலையைப் போட்டு, தண்ணீரும் தெளித்து, சோறு வைக்காமல் போன மாதிரி ஆயிற்று!

ஆனால் அவர்கள் விடவில்லை. வருஷா வருஷம் அந்தப் பேச்சை எடுத்துக்கொண்டே இருந்தார்கள். 2024 பிப்ரவரி 11ஆம் நாள் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த சூப்பர் பௌல் போட்டியை நிக்கலோடியன் குழந்தைகளுக்கென்று தனியாக ஒளிபரப்பியது. பஞ்சும் நட்சத்திர மீனுமே வர்ணனையாளர்கள். அந்த ஒளிபரப்பின் தொடக்கத்தில் அந்தப் பாட்டு பாடப்பட்டது. ஐந்தாண்டு கழித்துக் கேட்டது கிடைத்தது.

அந்தக் கதையை எழுதியவர்களில் ஹில்லன்பர்க் பெயர் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ரசிகர்களுக்கு அது தெரியாமல் இல்லை. மற்றவர்களுக்கு இடம் கொடுத்து, அவர்களிடமிருந்து நல்லதை வெளிக்கொணர்ந்தவர் என்பதற்காகவே அவரைக் கொண்டாடினார்கள். நல்ல ஆசிரியருக்கு அடையாளம் அதுதானே? மாணவன் எழுதிய விடைத்தாள்தான் வாத்தியாருக்குப் பெயர் வாங்கித் தருகிறது.

அறிவியலாளர்களும் தம் பங்கைச் செய்தார்கள். அவர் வாழ்ந்த காலத்திலேயே, மலேசியாவின் சரவாக் காட்டில் கிடைத்த, பிழிந்தால் பஞ்சைப் போல் மீளும் ஒரு காளானுக்கு 2011இல் "ஸ்பாஞ்சிஃபார்மா ஸ்கொயர்பேண்ட்சி" என்று பெயர் வைத்தார்கள். 2021 ஜூலையில் ஓகேனோஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற அமெரிக்க ஆய்வுக் கப்பல் அட்லாண்டிக் கடலில் 1,800 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் படம் எடுத்தபோது, ஒரு மஞ்சள் பஞ்சும் அதன் பக்கத்திலேயே ஒரு இளஞ்சிவப்பு நட்சத்திர மீனும் உட்கார்ந்திருந்தன! கடலடித் தோழர்கள் நிஜத்தில் கிடைத்துவிட்டார்கள் என்று உலகமே மகிழ்ந்தது. அந்த வகை நட்சத்திர மீன் பஞ்சைத் தின்னக்கூடியது, அநேகமாக அதற்காகவே பக்கத்தில் வந்திருக்கும் என்று ஆய்வாளர் மெதுவாகச் சொன்னார். வாத்தியார் இருந்திருந்தால் அதைக் கேட்டுத்தான் அதிகம் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஒரு மனத்தாங்கலையும் மறைக்காமல் சொல்கிறேன். அவர் மறைவுக்குப் பிறகு, 2020இல் வந்த மூன்றாவது படம் அவர் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. நல்லது. 2021இல் அதே பாத்திரங்களை வைத்துக் கிளைத் தொடர்கள் இரண்டு வந்தன. அவரோடு பணியாற்றியவர்களுக்குள்ளேயே, "இது அவருக்குப் பிடித்திருக்காது" என்று குரல் எழுந்தது. ரசிகர்களும் இரண்டு கட்சி. இறந்தவர் படைத்ததை அப்படியே மூடி வைப்பதா, வளரவிடுவதா? எளிதான கேள்வி இல்லை. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். அவர் விட்டுச்சென்ற பாத்திரங்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது ஒன்று. அவர் பார்த்த விதத்தில் பார்க்கப் பழகுவது வேறொன்று. பாறைக் குழியில் தேங்கிய தண்ணீரைக் குனிந்து பார்த்து, அங்கே ஓர் ஊர் இருக்கிறது என்று கண்டாரே, அந்தப் பார்வைதான் சொத்து. அதற்கு யாரும் உரிமம் வாங்க முடியாது, கொடுக்கவும் முடியாது. அதைக் கையில் எடுக்கிற ஒவ்வொருவரும் அவருக்கு அஞ்சலி செலுத்துகிறார்.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் இரண்டு வார்த்தை. "விலங்கியல் படிச்சு என்னப்பா பண்ணப் போறே?" என்று உறவினர் வீட்டுக் கல்யாணங்களில் உங்களைக் கேட்பார்கள். எங்களையும் கேட்டார்கள். படித்த பாடத்திலேயே வேலை கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால் படித்தது வீண் என்று மட்டும் எண்ணாதீர்கள். வங்கியில் உட்காருங்கள், கடை வையுங்கள், படம் வரையுங்கள். படித்தது உங்களோடுதான் வரும். பட்டுத்துணியில் பிழிந்த பஞ்சின் செல்களைப் போலச் சிதறியதாகத் தெரியும், காலம் வரும்போது ஒன்றுசேரும். ஆனால் ஒன்று, உண்மையாகப் படித்திருக்க வேண்டும். ஹில்லன்பர்க் மனதில் பாடம் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பஞ்சும் இல்லை.

முன்னாள் மாணவ நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பத்து லட்சம் கையெழுத்தும் அவர் கண் மூடிய பிறகுதான் வந்தது. விருது உயிரோடிருக்கும்போது கிடைத்தது, அது ஆறுதல். நம் ஆசிரியர்கள் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். வர இயலாதவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். "சார், நீங்க அன்னைக்குச் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு" என்று சொல்ல ஒரு தபால் அட்டை போதும், ஒரு தொலைபேசி அழைப்பு போதும். எந்தப் பாடம், எந்த நாள், என்ன சொன்னார் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். பொதுவாகப் புகழ்வதைவிட அதுதான் அவர்கள் மனதில் தங்கும்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு யோசனை. நம் விலங்கியல் அருங்காட்சியகத்தில் ஜாடிகள் வரிசையாக நிற்கின்றன. ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை பக்கத்துப் பள்ளிகளிலிருந்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து வருவோம். நம் மாணவர்கள் அவர்களுக்கு விளக்கட்டும். நிபந்தனை ஒன்றுதான்: புத்தகத்தைப் படித்துக் காட்டக்கூடாது, கரும்பலகையில் வரைந்து காட்ட வேண்டும், பிள்ளைகளைச் சிரிக்க வைக்க வேண்டும், சொல்வது சரியாகவும் இருக்க வேண்டும். பேருந்துச் செலவும் பிள்ளைகளுக்கு மதிய உணவும் முதல் ஆண்டு என் பொறுப்பு. இரண்டாம் ஆண்டுக்கு என் வகுப்புத் தோழர்கள் இங்கேதான் இருக்கிறார்கள், நான் பெயர் சொல்லாமலே கை தூக்குவார்கள் என்று நம்புகிறேன்.

அந்தச் சனிக்கிழமை, "பஞ்சுக்கு வலிக்குமா?" என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். அதற்குப் பதில் தயார் செய்து வைத்திருங்கள், தம்பிகளே, தங்கைகளே. நரம்பில்லாத உயிருக்கு வலி இருக்குமா என்பது சாதாரணக் கேள்வி இல்லை. நம் பேராசிரியர்களைக் கேளுங்கள். அவர்களும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள்.

 சாப்பாட்டு மணம் வந்துவிட்டது, செயலாளரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.